பிறந்த வருஷம் பூட்டாகுமா?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவை நண்பர்கள் வகுப்புக்கு வகுப்பு வந்தபோது, "நீ கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்தானே, செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதிக் கொடு" என்றார்கள். அதைப் பற்றி எழுத இந்த மலரிலேயே நாலு பேர் இருப்பார்கள். நான் எழுத வந்தது அதைவிடச் சின்ன விஷயம். நாலே நாலு எண். அந்த நாலு எண்ணால் எங்கள் வீட்டில் 9,000 ரூபாய் போனது.

எங்கள் ஊர் திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் வழியில் இருக்கிறது. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டிரம் செக்ஷனில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். காலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

ஒரு சனிக்கிழமை மாலை ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் ஏறும்போது அம்மாவின் பர்ஸ் போய்விட்டது. உள்ளே 140 ரூபாய், ஏ.டி.எம். கார்டு, என் ஸ்காலர்ஷிப்புக்காக எடுத்து வைத்திருந்த என்னுடைய ஆதார் ஜெராக்ஸ். "140 ரூவாதானே, போவட்டும்" என்றார் அப்பா. கார்டைப் பற்றித் திங்கட்கிழமை பேங்க்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். கார்டை முடக்கச் சொல்லும் போன் நம்பர் கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். கார்டே போனபின் அந்த நம்பருக்கு எங்கே போவது? (இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அந்த நம்பரை உங்கள் வீட்டு போன்களில் சேமித்து வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.)

திங்கட்கிழமை போனால், சனி இரவு 5,000, ஞாயிறு காலை 4,000. எடுக்கப்பட்டிருந்தது. எஸ்.எம்.எஸ். எல்லாம் அப்பா எப்போதோ தொலைத்த பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் நல்லவர்தான். "பின் நம்பர் சரியாப் போட்டுத்தாம்மா எடுத்திருக்காங்க. யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார். அம்மா, "எந்த சாமிய வேணா வச்சு சத்தியம் பண்றேன் சார், நான் யாருக்கும் சொல்லல" என்றார். அது பொய்யில்லை. எனக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் கேட்டேன். "இன்னா நம்பரும்மா வச்சிருந்த?"

"நீ பொறந்த வருசந்தான். எனக்கு ஆயிரம் மறக்கும். அது மறக்குமா?"

2007. பர்ஸில் கார்டுக்கு அடுத்த மடிப்பிலேயே என் ஆதார் ஜெராக்ஸில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்த அதே 2007. பர்ஸ் அடித்தவன் பெரிய கணக்கு எதுவும் போட்டிருக்க வேண்டாம். அம்மாவின் பாசத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

அன்றிலிருந்துதான் இந்தக் கடவுச்சொல் விவகாரத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவதற்கு மேல் நமக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே என் எண்ணம்.

முதலில் அந்த நாலு எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஏன் நாலு? 1967 ஜூன் 27 அன்று லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் எந்திரத்துக்குக் காரணமானவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். பிறந்தது நம் நாட்டு ஷில்லாங்கில்! அவர் முதலில் ஆறு எண் வைக்கத்தான் நினைத்தாராம். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, தன்னால் நாலு எண்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். நாலு எண் உலக வழக்கமானது அப்படித்தான். ஆக, நம் ரகசிய எண்ணின் நீளத்தை முடிவு செய்ததே ஒரு வீட்டு அம்மாவின் ஞாபக சக்தி. எங்கள் அம்மாவை மட்டும் குறை சொல்வது எப்படி நியாயம்?

நாலு எண்ணில் 0000 முதல் 9999 வரை 10,000 வகை உண்டு. ஏ.டி.எம். பொதுவாக மூன்று தப்பு விட்டால் கார்டை முடக்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் திருடனுக்கு 10,000-க்கு 3 வாய்ப்பு. நல்ல பூட்டுதான். ஆனால் பிறந்த வருஷம் என்று வைத்துவிட்டால் 10,000 எங்கே? உயிரோடு இருக்கிற எல்லாருடைய வருஷத்தையும் எடுத்தாலும் நூற்றுச் சொச்சம். நம் கல்லூரியில் படிக்கிற பிள்ளையின் வருஷம் என்று தெரிந்தால் 2005 முதல் 2009 வரை, ஐந்தே ஐந்து. ஐந்தில் மூன்றை முயன்று பார்க்க எந்திரமே அனுமதி கொடுக்கிறது! பூட்டு அப்படியே இருக்கிறது, சாவியை மட்டும் நிலைப்படிக்கு மேலே வைத்துவிட்டோம்.

இந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக் கொடுத்ததில் பெரியவர்களுக்கும் பங்குண்டு. நாம் எல்லாரும் இ-ஆதார் பதிவிறக்கம் செய்திருக்கிறோம். அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நாலு எழுத்து, பிறகு பிறந்த வருஷம். ஊருக்கே தெரிந்த விதி. அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் என்றால் பெயரும் வருஷமும்தான் என்று மக்கள் மனதில் பதிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் தைரியமாகவே சொல்வேன். சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று என்று நம்மைப் போன்ற வீடுகளின் விவரமெல்லாம் ஜெராக்ஸ் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணக்காரர் வீட்டுப் பிறந்தநாளை விட நம் பிறந்தநாள் அதிகம் பேருக்குத் தெரியும்.

சரி, அம்மாவைச் சொன்னேன். படித்த நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களுக்கு இது புரியும். வீட்டில் ஒருத்தர் கம்ப்யூட்டர் படித்தால் தெருவுக்கே அவர்தான் ஆபீஸ். பி.எஃப். பணத்துக்கு யு.ஏ.என். லாகின், கேஸ் புக்கிங், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், இமெயில் ஐ.டி. எல்லாவற்றுக்கும் "பாப்பா, கொஞ்சம் பாத்துக் குடும்மா" என்று வருவார்கள். நானும் பெருமையோடு பதினோரு வீட்டுக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்தேன். எப்படி? வீட்டுக்காரர் பெயர், பிறகு ஒரு அட் குறி, பிறகு திமிரி பின்கோடு. பதினோரு வீட்டுக்கும் ஒரே அச்சு! எனக்கு ஞாபகம் வைக்கச் சுலபம் என்று செய்தேன். ஒரு வீட்டுக்காரருக்குத் தன் கடவுச்சொல் தெரிந்தாலே போதும், மற்ற பத்து வீட்டு பி.எஃப். கணக்கின் கடவுச்சொல்லும் தெரிந்த மாதிரிதான். இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் நின்று சேர்த்த பணத்துக்கு இதுதான் நான் போட்ட வேலி. பர்ஸ் அடித்தவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நான் மட்டும் அப்படியில்லை என்பதும் படித்தபிறகு தெரிந்தது. கணினியில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் பெர்னாண்டோ கோர்பாட்டோ. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்!) 1960-களின் தொடக்கத்தில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. அங்கே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1962-இல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி கணினிக்கு ஒரு வேலை கொடுத்தார். அச்சடித்துக் கொடுத்துவிட்டது! மற்றவர்களின் பெயரில் நுழைந்து வேலையைப் பார்த்தார். நம் லேபில் சிஸ்டத்துக்கு அடித்துக்கொள்ளும்போது இந்த அண்ணனை நினைத்துக்கொள்வேன். பின்பற்ற வேண்டாம். இன்றைக்கு நம் நாட்டில் பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்ற இருவர் யூனிக்ஸ் பயனர்கள் வைத்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அதில் 86 சதவீதம் மிகக் குட்டையானவை அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் கிடைப்பவை. முப்பது வருஷம் கழித்து, 2009-இல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடு போயின. அவர்கள் அதைப் பூட்டாமல் எழுத்தெழுத்தாகவே வைத்திருந்தார்கள். முதலிடம் பிடித்தது 123456. கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தார்கள். இப்படி வெளியான பட்டியல்கள் எல்லாம் இன்று திருடர் கையில் பாடப்புத்தகம். ஒரு இடத்தில் போன கடவுச்சொல்லை மற்ற இடங்களில் போட்டுப் பார்ப்பது மனிதனில்லை, புரோகிராம். அதற்குத் தூக்கமும் இல்லை, பஸ்ஸும் பிடிக்க வேண்டாம். எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல் ஏன் கூடாது என்றால் இதனால்தான்.

குஜராத்தில் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் 2025 பிப்ரவரியில் வெளியே வந்து, பெண்களின் பரிசோதனை அறைக் காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போன கொடுமையை நாடே பார்த்தது. அந்தக் கேமராவின் கடவுச்சொல் "அட்மின்123" என்று செய்திகள் சொல்லின. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவர் மாற்றாமல் விட்ட கடவுச்சொல். எலக்ட்ரிகல், இ.சி.இ. நண்பர்களே, நாளைக்கு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கடைக்குக் கடை கேமரா மாட்டப் போகிறவர்கள் நீங்கள்தான். ஏணியை விட்டு இறங்குவதற்கு முன் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டு இறங்குங்கள். பெரிய இடத்திலும் இதே கதைதான். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2025 அக்டோபரில் நகைத் திருட்டு நடந்தபின் பழைய தணிக்கை அறிக்கை ஒன்று வெளியானது. 2014-இல் அங்கே கண்காணிப்புக் கேமரா சர்வரின் கடவுச்சொல் என்ன? "லூவ்ர்"! திருட்டுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் நான் வைத்த கடவுச்சொல் கொஞ்சம் தேவலாம் என்று அன்று மட்டும் தோன்றியது.

இனி, எப்படி வைப்பது?

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி கட்டாயம் என்று நம்மைப் படாதபாடு படுத்தும் விதி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய குறிப்பு அதைப் பரப்பியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் அதில் உண்டு. விளைவு என்ன? முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு அட் குறியும் 123-ம் போட்டு எல்லாரும் ஒரே மாதிரி வைத்தார்கள். மாற்றச் சொன்னால் 123, 124 ஆகிறது. 2017-இல் அந்த மனிதரே, தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியை மாற்றியது: நீளம்தான் முக்கியம், 64 எழுத்து வரையாவது அனுமதியுங்கள், குறியைத் திணிக்காதீர்கள், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று. செய்தி நம் ஊர் போர்ட்டல்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

நீளம் ஏன் முக்கியம்? கணக்குப் போடுவோம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் அடுக்கினால் ஏறத்தாழ 20,882 கோடி வகை. பெரிதாகத் தெரிகிறது, கணினிக்கு அது பெரிதில்லை. 1995-இல் அர்னால்டு ரெயின்ஹோல்டு ஒரு வழி சொன்னார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அப்படி நாலு சொல் எடுத்தால் 36 கோடி கோடிக்கும் மேல்! ஆனால் அந்த நாலு சொல்லையும் மனிதன் சுலபமாக ஞாபகம் வைப்பான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு பொருளைச் சேர்த்து ஒரு காட்சியாக நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு முறுக்கு தின்கிற தவளை, இப்படி. (இதை யாரும் வைத்துவிடாதீர்கள். அச்சில் வந்த உடனே இது செத்துப்போச்சு.)

நம்மிடம் இன்னொரு வசதி உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்போம். 'ழ'கரத்துக்கு ஒருத்தர் இசட்-எச் போடுவார், ஒருத்தர் எல், இன்னொருத்தர் வெறும் இசட். அம்மா பேசுகிற மாதிரி, வீட்டுப் பேச்சிலேயே, உங்கள் கைக்கு வருகிற மாதிரி அடியுங்கள். அந்த எழுத்துக் கோர்வை எந்த அகராதியிலும் அப்படியே கிடைப்பது கஷ்டம். ஆனால் பாட்டு வரி வேண்டாம், பஞ்ச் டயலாக் வேண்டாம், குறளும் வேண்டாம். பள்ளியில் படித்தோமே குழூஉக்குறி, ஞாபகம் இருக்கிறதா? பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று. எதிரே நிற்கிற ஆளுக்குப் புரியக் கூடாது என்று வைத்த சொல், இன்று தேர்வுக்குப் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். புத்தகத்தில் ஏறிய ரகசியம் அவ்வளவுதான். கோடிப் பேர் கேட்ட வரி உங்கள் ரகசியமாக எப்படி ஆகும்?

எங்கள் வகுப்பில் நாலைந்து பேரிடம், "எப்படிடா பாஸ்வேர்டு வைப்பீங்க?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். பாதிப் பேர் பாஸ்வேர்டையே சொல்லிவிட்டார்கள்!

எழுதி வைக்கலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம் என்பது என் கட்சி. வெளிநாட்டில் உட்கார்ந்து புரோகிராம் ஓட்டுகிறவன் திமிரிக்கு வந்து எங்கள் வீட்டு அரிசிப் பானையில் கைவிட மாட்டான். ஞாபகம் இருக்காதே என்று பயந்து சின்னதாக வைப்பதைவிட, நீளமாக வைத்து நோட்டில் எழுதித் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பது எவ்வளவோ மேல். ஏ.டி.எம். பின் மட்டும் எழுதவே கூடாது, அதுவும் கார்டு உறையில் கூடவே கூடாது. போனில் கடவுச்சொல் காப்பான் செயலிகளும் உண்டு. போனைத் தனக்கென்று வைத்திருப்பவர்களுக்கு நல்லது. வீட்டுக்கே ஒரு போன் என்றால் நோட்டுதான்.

பணம் போனால் உடனே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்குச் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணமாக இருந்தால் வங்கிக்குச் சொல்லும் வரை நஷ்டம் வாடிக்கையாளருக்கு. சொன்ன பிறகு போனால் வங்கிக்கு. நாங்கள் சனிக்கிழமை இரவே சொல்லியிருந்தால் அந்த 4,000-மாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பருவத்துக் கட்டணத்தை அம்மா கம்பெனியில் முன்பணம் வாங்கித்தான் கட்டினார்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்தேன். இந்த முறை நான் வைத்துக் கொடுக்கவில்லை. அவர்களையே வைக்கச் சொல்லி, நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கோபம். "படிச்ச பொண்ணு நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடி இந்த ரோதன? உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது அவருக்கு ஒவ்வொரு எழுத்தாய்த் தேடி அடிக்க. அடித்து முடித்ததும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! என்ன வைத்தார் என்று தெரியாது.

எங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, மாட்டுத் தரகர். வேலூர் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குத் தவறாமல் போவார். விலை பேசும்போது இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்தே விலையைச் சொல்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும், மாட்டுக்காரர் பெற்ற பிள்ளையே பக்கத்தில் நின்றாலும் விலை தெரியாது. சின்ன வயதில் அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறார் அம்மா.

புதுக் கார்டு வந்தபோது எண்ணை மாற்ற அம்மாவோடு ஏ.டி.எம்.முக்குப் போனேன். என் வருஷம் வேண்டாம், அப்பா வருஷம் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், போன் நம்பரின் கடைசி நாலு வேண்டாம், 1234 வேண்டவே வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா பேசவில்லை. எந்திரத்துக்கு முன்னால் நின்று, "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முந்தானையைக் கைமேல் போட்டு மூடிக்கொண்டு அடித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன், "இன்னா நம்பரும்மா?"

"அது எந்தக் காயிதத்துலயும் இல்லாத நம்பரு" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வண்டிக்கு நேரமாச்சு என்று நடந்துவிட்டார்.